அடுத்த பாகம் வருகிறது: எதை எப்போது தொடங்குவது

பிடித்த வீடியோ கேமின் அடுத்த பாகத்துக்கு டீசர் வந்த அன்று இரவே பழைய பாகத்தை இன்ஸ்டால் செய்து உட்கார்ந்துவிடுவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. புதியது கைக்கு வரும்போது அந்த உலகமே அலுத்துப் போயிருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அறிகுறி உண்டு. அது தெரியும் வரை நேரத்தையும் காசையும் எடுக்கக் கூடாது.

தேதியை எவ்வளவு நம்பலாம்

ஆண்டை மட்டும் சொன்னால் எதுவும் செய்ய வேண்டாம். 'ஜிடிஏ 6'-இன் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பரில் வந்தபோது 2025 என்றார்கள். பிறகு 2026 மே 26 என்றானது, அதுவும் தள்ளிப்போய் 2026 நவம்பர் 19 என்று மாறியது. அதாவது நாள், மாதம் எல்லாம் குறித்த பிறகும் நகரும். 'கோல்ட்' ஆகிவிட்டது, அதாவது டிஸ்க்குக்கு அனுப்பும் பதிப்பு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தால் ஓரளவு மூச்சு விடலாம். அதற்கும் விதிவிலக்கு இருக்கிறது: 'சைபர்பங்க் 2077' 2020 அக்டோபர் தொடக்கத்தில் கோல்ட் ஆனது. அதே மாதக் கடைசியில் இன்னும் மூன்று வாரம் தள்ளி டிசம்பர் 10-க்குப் போனது.

நேர்மாறாகவும் நடக்கும். 'ஹாலோ நைட்: சில்க்சாங்' 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஆறு ஆண்டுக்கு மேல் இழுத்தது. கடைசியில் 2025 ஆகஸ்ட் 21 அன்று தேதியைச் சொல்லி, செப்டம்பர் 4 அன்று வெளியிட்டே விட்டார்கள். எனவே உங்கள் திட்டம் தேவைப்பட்டால் இரண்டே வாரத்தில் முடியக்கூடியதாக இருக்கட்டும். ஆபீசில் லீவு கேட்பதை கோல்ட் அறிவிப்பு வரும் வரை தள்ளிப் போடுங்கள்.

பழைய பாகத்தை மறுபடி ஆடலாமா?

முதலில் பார்க்க வேண்டியது, புதிய பாகம் அதே வரைபடத்தில் நடக்கிறதா என்று. 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' (2023), 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' (2017) நடந்த அதே ஹைரூல் நிலத்தின் மேல் கட்டப்பட்டது. அந்த மலைகளை எல்லாம் சமீபத்தில் ஏறி முடித்தவருக்குப் புதிய பாகத்தின் பாதிச் சுவை போய்விடும். இப்படிப்பட்ட தொடருக்குக் கதைச் சுருக்கம் ஒன்றைப் பார்த்தால் போதும்.

இடம் மாறும் தொடர் என்றால் மறுபடி ஆடுவது பலன் தரும், ஆனால் முக்கியக் கதையை மட்டும். 'காட் ஆஃப் வார்' (2018) மாதிரி ஒன்றுக்கு அது சுமார் 20 முதல் 25 மணி நேரம் பிடிக்கும். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்றரை மணி என்றால் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். வெளியீட்டுக்குப் பத்து நாள் முன்பே முடித்துவிட வேண்டும், ஆகவே ஐந்து வாரத்துக்கு முன் தொடங்குங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது: அடுத்த பாகங்களில் பெரும்பாலும் அதே பட்டன், அதே அடி, அதே தடுப்பு. இடைவெளி விடாமல் தாவினால் முதல் பத்து மணி நேரம் புதிய கேம் ஆடுவது போலவே இருக்காது. 'காட் ஆஃப் வார்'-இல் ஓடினின் 51 காக்கைகளையும் சுட்டு வீழ்த்தியே தீருவேன், 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்'-இல் 900 கோரோக் விதைகளையும் பொறுக்கியே தீருவேன் என்று கிளம்புவது இந்த நேரத்துக்கான வேலை இல்லை.

டிஎல்சியை, அதாவது கேமுக்குப் பிறகு தனியாக வரும் விரிவாக்கத்தை, மட்டும் விட்டுவிடாதீர்கள். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' கதையின் நேரடித் தொடர்ச்சி 'பர்னிங் ஷோர்ஸ்' விரிவாக்கத்தில்தான் இருக்கிறது. 'ஆலன் வேக் 2'-க்கு (2023) முன்னோட்டமான கதை வேறொரு கேமான 'கண்ட்ரோல்'-இன் 'ஏடபிள்யூஇ' விரிவாக்கத்துக்குள் 2020-லேயே வந்துவிட்டது. முதல் பாகத்தை மட்டும் ஆடியவர்கள் அதைத் தவறவிட்டிருப்பார்கள்.

பழைய சேவ் ஃபைலை (எதுவரை ஆடினோம் என்ற பதிவை) அழிக்க வேண்டாம். 'ப்ரெத் ஆஃப் தி வைல்ட்' சேவ் அதே கன்சோலில் இருந்தால், அதில் பதிவு செய்த குதிரைகள் அடுத்த பாகத்தின் லாயத்திலும் வந்து நிற்கும். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம்களின் சேவ் ஃபைலை யுஎஸ்பியில் நகலெடுக்க முடியாது, பிஎஸ் பிளஸ் கிளவுடில் ஏற்றி வைக்கலாம். பழைய கன்சோலை விற்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

இடம்

சேமிப்பு இடத்தைக் காலி செய்வது வெளியீட்டுக்கு இரண்டு வாரம் முன் செய்ய வேண்டியது. 825 ஜிபி பிஎஸ்5-இல் நமக்குக் கிடைப்பது சுமார் 667 ஜிபி. 512 ஜிபி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் சுமார் 364 ஜிபி. 'காட் ஆஃப் வார் ரக்னராக்' கணினிப் பதிப்பு கேட்டது 190 ஜிபி. கேமின் அளவைப் போல ஒன்றரை மடங்கு காலி இடம் வைப்பது பாதுகாப்பு. கணினி கேம் கடையான ஸ்டீமில் ப்ரீலோட் ஃபைல்கள் (வெளியீட்டுக்கு முன்பே இறக்கி வைப்பவை) பூட்டிய நிலையில் வந்து, வெளியாகும் நேரத்தில்தான் திறந்து மறுபடி எழுதப்படும். இடம் போதாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இந்தத் திறப்புக்கே வெகு நேரம் ஆகும்.

பிஎஸ்5-க்கு எம்.2 எஸ்எஸ்டி (உள்ளே செருகும் கூடுதல் சேமிப்பு) வாங்குகிறீர்களா? பிசிஐஇ என்ற இணைப்பு முறையில் நான்காம் தலைமுறையாகவும், படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பி அல்லது அதற்கு மேலாகவும் இருக்கட்டும். மூன்றாம் தலைமுறை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கன்சோல் ஏற்காது. ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகடு) கட்டாயம், அதோடு சேர்த்து மொத்த உயரம் 11.25 மிமீ தாண்டக் கூடாது, தாண்டினால் உள்மூடி உட்காராது. ரெஸ்ட் மோடில் விடாமல் முழுவதும் அணைத்து, வயரைக் கழற்றி, சூடு ஆறிய பிறகு திறங்கள். உள்ளே இருக்கும் சின்ன வளையத்தை எடுத்து, உங்கள் எஸ்எஸ்டியின் நீளத்துக்குரிய துளைக்கு மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பிறகு எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகி, படுக்க வைத்துத் திருகை முடுக்க வேண்டும். கன்சோலை இயக்கி ஃபார்மேட் செய்ததும், செட்டிங்சில் இன்ஸ்டால் செய்யும் இடத்தை அதற்கு மாற்றுங்கள். யுஎஸ்பி டிரைவில் பிஎஸ்5 கேம்களைக் கிடங்கு போல வைக்கலாம், அங்கிருந்தே ஆட முடியாது.

கணினிக்காரர்கள் கிராபிக்ஸ் கார்டின் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. 'ஆலன் வேக் 2' மெஷ் ஷேடர் என்ற புதிய வரைகலை வசதியை எதிர்பார்த்தது, அது இல்லாத கார்டுகள் திணறின.

டவுன்லோட் கணக்கு எளிது: ஜிபியை 8,000-ஆல் பெருக்கி, எம்பிபிஎஸ் வேகத்தால் வகுத்தால் நொடிகள் கிடைக்கும். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்கச் சுமார் நாலரை மணி நேரம், 190 ஜிபிக்கு எட்டரை.

ப்ரீ-ஆர்டர்

டிஜிட்டலில் ஸ்டாக் தீராது. ஆகவே அவசரமும் இல்லை. ப்ரீலோட் வேண்டும் என்றால் ரிவ்யூக்கள் வந்த பிறகு, வெளியீட்டுக்கு ஓரிரு நாள் முன் வாங்கினாலே போதும். உங்கள் கருவியில் ஆடிப் பார்த்த ரிவ்யூவாக அது இருக்க வேண்டும். 'சைபர்பங்க்' விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தது கணினிப் பதிப்பு. பழைய கன்சோல்களில் அதன் நிலைமை வெளியான பிறகுதான் தெரிந்தது, அந்த மாதமே பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். கேமைத் திறந்ததும் ஓடும் ஷேடர் கம்பைலிங்கும் (கிராபிக்ஸைத் தயார் செய்யும் வேலையும்) அந்த 2 மணிக் கணக்கில் சேரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வாங்கிய கேமை டவுன்லோட் செய்யத் தொடங்கியதுமே அந்த வாய்ப்பு பொதுவாகப் போய்விடும்.

ஸ்பாய்லர்

டிஸ்க்குகள் கடைகளுக்குப் போய்ச் சேரும் நாளிலிருந்தே ஆபத்து ஆரம்பம். 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' வெளியாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் முன்பே இணையத்தில் கசிந்தது. 2020 ஜூன் 19 அன்று வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2'-இன் காட்சிகள் ஏப்ரலிலேயே வெளியே வந்துவிட்டன. எனவே மூன்று வாரம் முன்பே மியூட் பட்டியல், அதாவது சமூக வலைதளங்களில் மறைக்க வேண்டிய சொற்களின் பட்டியல், தயாராகட்டும். கேமின் பெயர், அதன் சுருக்கப் பெயர், நாயகன், வில்லன் பெயர்கள், 'எண்டிங்', 'ஃபைனல் பாஸ்', 'லீக்': இவற்றை ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் சேருங்கள்.

யூடியூபில் மியூட் உதவாது, தம்ப்நெயிலே முடிவைச் சொல்லிவிடும். தேடல், பார்வை வரலாறு இரண்டையும் நிறுத்திவைத்து, அந்தத் தொடர் பற்றிய வீடியோக்களை 'ஆர்வமில்லை' என்று தள்ளிவிடுங்கள். சம்பந்தமே இல்லாத வீடியோவின் கமென்ட் பகுதியிலும் யாராவது ஒரு புண்ணியவான் முடிவை எழுதி வைத்திருப்பார், அந்தப் பக்கமே போகாதீர்கள். டிராஃபி (கேமில் சாதனைகளுக்குக் கிடைக்கும் விருது) பட்டியல்கள் பெரும்பாலும் முன்கூட்டியே வெளியாகும், பாஸ்களின் (பெரிய எதிரிகளின்) பெயர்கள் அதில் இருக்கும். நண்பர்களின் டிராஃபி அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள்.

டிஸ்க் வாங்குகிறவர்களுக்கு ஒரு வேலை பாக்கி: முதல் நாள் பேட்ச், அதாவது வெளியீட்டு நாளில் வரும் திருத்தம். டிஸ்க்கைப் போட்டதும் ஆடத் தொடங்காமல் பேட்ச் முழுதும் இறங்கட்டும். அது இறங்கும் நேரத்தில் டிவியில் கேம் மோடையும் கன்சோலில் எச்டிஆர் அளவையும் சரிசெய்துவிடலாம்.