உதைக்கும் ஆட்டின் காலைக் கட்டுவதற்கு முன்

போன வாரம், புதிதாகக் கறவை ஆடு வளர்க்கத் தொடங்கிய ஒருவர் கேட்டார்: "அண்ணா, பின்னங்காலைக் கட்ட எந்த முடிச்சு நல்லது? ரெண்டு நாளா உதைச்சுத் தள்ளுது."

"மடியைத் தொட்டுப் பார்த்தீங்களா?" என்றேன். பார்க்கவில்லை. முதல் ஆடு வாங்கிய காலத்தில் நானும் பார்க்கவில்லை.

தண்ணீர் வை, கொட்டகையைச் சுத்தமாக வை என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேற்றுவரை ஒரு மாதிரி இருந்த ஆடு இன்று வேறு மாதிரி நடந்துகொண்டால் நாம் எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

உதைத்தால் அடம் என்று முடிவு கட்டுவது

என் முதல் கறவை ஆடு பரம சாது. குட்டி போட்டு இரண்டு மாதம்வரை, தீவனத் தட்டில் வாயை வைத்தால் கறந்து முடிக்கும்வரை அசையாது. ஒரு சாயங்காலம் பாத்திரத்தை உதைத்துக் கவிழ்த்தது. மறுநாள் காலை மறுபடியும். அன்று தீவனத்திலும் கொஞ்சம் மிச்சம் வைத்தது. அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் கயிறெடுத்துப் பின்னங்காலைக் கட்டினேன். ஆடு நின்றது, நானும் கறந்தேன். ஜெயித்துவிட்டதாக நினைப்பு வேறு.

மூன்றாம் நாள் காலை அது எழுந்து நிற்கவே தயங்கியது. மடியின் இடது பாதி சில்லென்று இருந்தது, தோலில் நீலம் பாய்ந்திருந்தது. காம்பை அழுத்தினால் பாலுக்குப் பதில் சிவந்த தண்ணீர். மடிநோயில் மிக மோசமான வகை அது: ரத்த ஓட்டம் நின்று மடியே அழுகிப்போவது. மருத்துவர் ஆட்டின் உயிரைக் காப்பாற்றினார். அந்தப் பாதி மடி கறுத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று விழுந்தது. பசுவுக்கு மடியில் நான்கு பங்கு, ஆட்டுக்கு இரண்டே இரண்டு. அதில் ஒன்றை நான் தொலைத்தேன்.

இந்த வகை ஒரே நாளில்கூட முற்றிவிடும். அதனால் முதல் சாயங்காலமே பார்த்திருந்தால் மடி தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காலைக் கட்டியதும் உதைப்பது நின்றது, உதைப்பது நின்றதும் ஏன் என்று யோசிப்பதையும் நிறுத்திவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் எரிச்சலாக இருப்பது அதுதான். எங்காவது கறவை மேடையில் கயிறு தொங்கினால் இப்போதும் என் கண் அங்கேதான் போகும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு முறையும் கறப்பதற்கு முன் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கருப்புத் தட்டில் விடுங்கள். திரி, கட்டி, நீர்த்த பால், ரத்தம் எதுவானாலும் கருப்பில் பளிச்சென்று தெரியும். அப்புறம் இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடா, கல்லா, பெரிதா என்பது கைக்குத் தெரிந்துவிடும். பாலில் கரைசல் கலந்து பார்க்கும் மடிநோய்ச் சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆட்டுப்பாலில் இயல்பிலேயே பசும்பாலைவிட உயிரணுக்கள் அதிகம். இரண்டு பக்கமும் லேசாகக் கெட்டியானால் பதற வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கெட்டியானால் சும்மா இருக்காதீர்கள்.

மடியில் ஒன்றும் இல்லையென்றால் காம்பைப் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், குட்டியின் பல் பட்ட காயம் இருக்கலாம். அப்புறம் உங்கள் நகத்தைப் பாருங்கள். முதல் ஈற்று ஆடுகளுக்கு மடி முழுவதும் நீர்கோத்து வீங்கி, தொட்டாலே வலிக்கும். இத்தனையும் பார்த்த பிறகுதான் அடம். ஆடு அடம் பிடிக்காது என்று சொல்லவில்லை, நன்றாகவே பிடிக்கும். ஆனால் அது முதல் நாளிலிருந்தே தெரியும். இரண்டு மாதம் சாதுவாக நின்ற ஆட்டுக்குத் திடீரென்று ஒரு சாயங்காலம் முளைக்காது.

கத்தினால் பருவம் என்பது

பெரும்பாலும் பருவம்தான். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒன்றிரண்டு நாள் நிற்கும். ஓயாத கத்தல், வாலாட்டல், மற்ற ஆடுகள்மேல் ஏறுதல், கொஞ்சம் பால் குறைவு. அதற்குத்தான் நோட்டில் தேதி குறிக்கச் சொல்வது. தேதி ஒத்துப்போகாமல், ஆடும் துறுதுறுப்பு இல்லாமல் தலையைத் தொங்கப்போட்டுப் பல்லை நறநறவென்று கடித்தால் அது வலி. இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் உள்ள குழி உப்பி, தட்டினால் மத்தளம்போலக் கேட்டால் வயிற்று உப்புசம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சினை ஆடு ஒதுங்கி நின்றால் வயிறு கனம் என்பது

சினைக்காலம் சுமார் 150 நாள். கடைசி மாதத்தில், அதுவும் இரண்டு மூன்று குட்டி இருந்தால், இரைப்பைக்கு இடமே இருக்காது. தின்பது குறையும், தேவையோ கூடும். உடல் தன் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அந்தக் கழிவே ஆட்டுக்கு நஞ்சாகிவிடும். மந்தையை விட்டு விலகி நிற்பது, முதலில் அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்குக் கலவை) ஒதுக்குவது, மூச்சில் ஒரு இனிப்பு வாடை (எல்லார் மூக்குக்கும் அது தெரியாது). அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம் இது. பலம் வரட்டும் என்று தானியத்தை அள்ளிக் கொட்டினால், இரைப்பையில் அமிலம் ஏறி இன்னொரு வம்பு.

வெப்பமானி வைத்துப் பார்க்காமல் காய்ச்சலென்று ஊசி போடுவது

ஆசனவாயில் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் இயல்பு. காதைத் தொட்டுக் காய்ச்சல் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

சோர்ந்த ஆட்டின் வாயில் எண்ணெய் ஊற்றுவது

நுரையீரலுக்குப் போகும். வேண்டாம்.

தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடுவது

எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிக் கத்துகிறது, முட்ட வருகிறது. இது வெறிநோயாக இருக்கலாம். வாய்க்குள் கை விடாதீர்கள், பாலைக் குடிக்காதீர்கள், மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஏற்கெனவே எச்சில் பட்டுவிட்டதா? ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மனித மருத்துவரிடம் போங்கள். ஒரே பக்கமாகச் சுற்றுவதும் ஒரு காது மட்டும் தொங்குவதும் வேறு கதை. கெட்டுப்போன சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) தின்ற ஆடுகளில் வரும் மூளைத் தொற்று அப்படிக் காட்டும். அதன் பாலும் வேண்டாம்.

எல்லாமே நோய் என்பது

மேலே உள்ளதைப் படித்துவிட்டுச் சிலர் இந்தப் பக்கம் சாய்வார்கள். புது ஆடு வந்தால் மந்தையில் வரிசை மாறும்; நேற்றுவரை முதலில் தின்ற ஆடு இன்று மூலையில் நிற்கும். தீவனம் வைத்துவிட்டு எட்டி நின்று கால் மணி நேரம் பாருங்கள். யார் யாரை முட்டுகிறார்கள், ஒதுங்கிய ஆடு பிறகாவது அசைபோடுகிறதா என்று தெரியும். கொட்டகைக்குள் வரவே மறுத்த ஒரு ஆட்டுக்கு நான் ரத்தப் பரிசோதனைவரை போயிருக்கிறேன். கடைசியில், கூரையில் காற்றுக்குப் படபடத்த கிழிந்த தார்ப்பாய்தான் காரணம்.

முடிச்சு கேட்டவர் அன்றைக்கே மடியைப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். வலது பக்கம் சூடு, பாலில் திரி. இப்போது மருத்துவர் சொன்னபடி மருந்து நடக்கிறது. அவர் குறித்துக் கொடுத்த தேதிவரை பாலைக் கீழே கொட்டுகிறார். ஆடு இன்னும் உதைக்கிறதாம். உதைக்கட்டும்.