மூச்சுக்கு ஒரு பேரேடு: மணலிக்காரன் கணக்குப் போடும் விதம்

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த அன்று டாக்டர் என்னிடம் கேட்டது மூன்று கேள்வி. சிகரெட் உண்டா, சர்க்கரை உண்டா, அப்பாவுக்கு இதய நோய் இருந்ததா? மூன்றுக்கும் இல்லை. வீடு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நான் வட சென்னையில், ஆலைகள் சூழ்ந்த மணலியில் 31 வருஷமாக இருக்கிறேன். என் அடைப்புக்குப் புகைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தனி ஒரு ஆளை வைத்து அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் கணக்கு எழுதியே பிழைத்தவன், மூச்சுக்கும் ஒரு பேரேடு போட்டுவிட்டேன். நீங்களும் போடலாம்.

காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் ஈரத்துணியில் கறுப்பாக ஒட்டுகிறதே, நாம் எழுதப்போவது அதை அல்ல. அது பெருந்தூசு, பெரும்பாலும் மூக்கு தொண்டையோடு நின்றுவிடும். எழுத வேண்டியது பிஎம் 2.5 என்ற நுண்தூசு. தலைமுடித் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் அழற்சியைக் கிளப்பும். அது ரத்தத்தோடு பரவி, குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவதை வளர்க்கும், ரத்தம் உறைவதையும் சுலபமாக்கும். இருமலே இல்லாதவனுக்கும் புகையால் நெஞ்சுவலி வருவது இப்படித்தான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைப் போனில் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரு தடவை பார்த்தால் போதும், அது 24 மணி நேரச் சராசரிதான். நான் ராத்திரி 9 மணிக்கு, மாத்திரை போடும்போது பார்ப்பேன். பெரிதாகத் தெரியும் எண்ணை எடுக்காதீர்கள். அன்றைக்கு எந்த மாசு முந்தி நிற்கிறதோ அதன் எண் அது. கீழே பிஎம் 2.5 என்ற வரியைப் பாருங்கள்.

நான் சறுக்கியது அடுத்த படியில். அந்த எண்ணையே மைக்ரோகிராம், அதாவது ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள தூசின் எடை, என்று நினைத்து இரண்டு மாதம் எழுதித் தொலைத்தேன். "தாத்தா, இது காற்றுத் தரக் குறியீடு, எடை இல்லை" என்று பேத்தி சொன்ன பிறகுதான் விளங்கியது. மாற்றுவது சுலபம். 100 வரை இருந்தால் 0.6-ஆல் பெருக்குங்கள், 70 என்றால் 42 மைக்ரோகிராம். 101 முதல் 200 வரை என்றால், 100-ஐக் கழித்து, மிச்சத்தை 0.3-ஆல் பெருக்கி, 60-ஐக் கூட்டுங்கள். 140 என்றால் 72. 'திருப்தி' என்று பச்சை நிறம் காட்டும் 100-க்கு உள்ளே 60 மைக்ரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவோ 15.

மாதா மாதம் தனிச் சராசரி எடுங்கள். விட்டுப்போன நாளைப் பூஜ்ஜியமாக எழுதாதீர்கள், எழுதிய நாட்களால் மட்டும் வகுங்கள். பிறகு பன்னிரண்டையும் கூட்டி 12-ஆல் வகுத்தால் ஆண்டுச் சராசரி. போகிப் புகையும் மழை மாதமும் அதிலேயே அடங்கிவிடும்.

35 வந்ததென்று வையுங்கள். இந்தியாவின் ஆண்டு வரம்பு 40, பாஸ். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன ஆண்டு அளவு 5, அதைப்போல ஏழு மடங்கு. அமெரிக்காவில் ஏறக்குறைய 5 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் ஏறினால் இதய, நுரையீரல் நோய்ச் சாவு அபாயம் சுமார் 6 சதவீதம் கூடுகிறது என்றது. நூற்றுக்கு ஆறு பேர் சாவார்கள் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே உள்ள அபாயத்தின் மேல் ஆறு சதவீதம். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதைவிட வருஷ எண்ணைப் பிடித்துத் தொங்குவது இதனால்தான்.

ஆலைப் புகைபோக்கியை நான் அடைக்க முடியாது. கட்டிலுக்கடியில் டப்பா மூடியில் எரியும் கொசுவர்த்தியை அணைக்கலாம். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த 2003 ஆய்வில், ஒரு சுருள் கக்கும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு இருந்தது. "டெங்கு வந்தா நீங்களா பாப்பீங்க?" என்றாள் வீட்டம்மா. நியாயம்தான். வலை வாங்கிக் கட்டினோம். முதல் வாரம் இரண்டு பேருக்கும் புழுக்கத்தில் தூக்கமில்லை, பழகிவிட்டது. சாம்பிராணி வெள்ளிக்கிழமையோடு சரி, அதுவும் ஜன்னல் திறந்து. தாளிக்கும் முன்பே எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், தாளித்த பின் போட்டுப் பிரயோசனமில்லை. டிரெய்லர் லாரி ஓடும் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நடந்தவன், இப்போது உள்தெருவில் நடக்கிறேன். வெளியே போனால் என்-95; துணி மாஸ்க்கில் இந்தத் தூசு நிற்காது.

அடுத்த செக்கப்புக்கு ஈசிஜி ஃபைலோடு ஆண்டுச் சராசரி எழுதிய தாளையும் செருகிக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.