சிறையில் இருப்பவரின் குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி?

தெரிந்தவர் ஒருவர் கைதாகி உள்ளே போய்விட்டார். அவர் வீட்டுக் கதவைத் தட்டலாமா என்று யோசிக்கிறீர்களா? தட்டுங்கள். துக்க வீட்டுக்குக் கூப்பிடாமலே ஆட்கள் வருவார்கள். இந்த வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிடுவார்கள்.

படி 1: போய் உட்காருங்கள்

"என்ன நடந்தது?", "நிஜமாவே செஞ்சாரா?" என்ற இரண்டு கேள்விகளையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள், போதும். அவர்களாகச் சொன்னால் காது கொடுங்கள். கேட்டதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். வழக்கு நடக்கும்போது வாய்மாறிப் போகும் ஒரு பேச்சுகூட அவர்களுக்கு எதிராகத் திரும்பலாம். "மாமியார் வீடு", "கம்பி எண்ணுறார்" என்ற கேலிகளை இனி எங்கேயும் சொல்ல வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளை அதை ஏற்கெனவே கேட்டிருக்கும்.

படி 2: ஒரு நோட்டுப் புத்தகம்

சிறையின் பெயர், கைதி எண், வழக்கு எண், அடுத்த வாய்தா, வக்கீலின் தொலைபேசி எண், சந்திப்பு நாட்கள். எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் வாடகை, கடன் தவணை, எந்தக் கணக்கு யார் பெயரில் என்று எழுதுங்கள். சம்பாதித்தவரே உள்ளே இருந்தால், அவர் கையெழுத்து இல்லாமல் எதெல்லாம் முடங்கும் என்று வக்கீலிடம் சீக்கிரமே கேட்பது நல்லது.

அப்புறம், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். "வியாழக்கிழமை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிட்டு வரேன்" என்று நாளோடு சொல்லுங்கள்.

படி 3: சந்திப்பு நாள்

நீங்கள் அதிகம் உதவக்கூடிய இடம் இதுதான். விதிகள் சிறைக்குச் சிறை மாறும். அதனால் முன்கூட்டியே சிறைக்குப் பேசிக் கேளுங்கள்: யார் யார் பார்க்கலாம், முன்பதிவு உண்டா, என்ன அடையாள அட்டை, என்ன கொண்டுபோகலாம், உடையில் கட்டுப்பாடு உண்டா? முந்தின நாள் மறுபடி ஒருமுறை கேளுங்கள். அவரை வேறு சிறைக்கு மாற்றியிருந்தால், பயணக் காசும் பிள்ளையின் ஆசையும் வீணாகிவிடும்.

உள்ளே விடுவதற்கு முன் சோதனை இருக்கும். அதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், வருபவர்களைச் சோதிக்கும் முறை அவர்களை இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது என்கின்றன. கைதிக்குத் தண்டனை என்று சொல்லி குடும்பத் தொடர்பை அடியோடு தடை செய்யக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. சந்திப்பு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், வக்கீலிடமும் சொல்லுங்கள்.

திரும்பி வரும் வழிதான் கனமானது. பேச்சுக் கொடுக்காமல் கூடவே வாருங்கள். அன்றைக்கு வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள்.

படி 4: பிள்ளையிடம் உண்மை

"வெளியூருக்கு வேலைக்குப் போயிருக்கார்" என்று பெரியவர்கள் சொல்வது பாசத்தில்தான். ஆனால் அது என்றைக்காவது பள்ளியில் வேறொரு பிள்ளையின் வாயால் உடையும். அப்போது அப்பாவோடு சேர்ந்து அம்மாவின் வார்த்தையையும் பிள்ளை இழந்துவிடுகிறது. இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, வளர்ப்பவர்தான். வார்த்தை தேட மட்டும் உதவுங்கள். "அப்பா சட்டத்தை மீறினதா சொல்றாங்க. அதனால சிறையில இருக்கார். இது உன்னால நடக்கல. உன்னை நான் பார்த்துக்கிறேன்." சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு போதும். பெரிய பிள்ளை மேலே கேட்கும், அப்போது பதில் சொல்லலாம். "உங்க அப்பா எங்கே?" என்று வகுப்பில் கேட்டால் சொல்ல ஒரு வரியை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், "அதைப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்லை" என்பதும் ஒரு பதில்தான்.

படி 5: கடிதம்

பிள்ளை வரைந்த படம், பள்ளிச் செய்தி, வீட்டு விஷயம் எல்லாம் எழுதலாம். சிறையில் கடிதங்களைப் பிரித்துப் படிக்கக்கூடும் என்பதால் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

படி 6: அவர் வெளியே வரும்போது

முதல் சில நாட்கள் குடும்பத்தைத் தனியாக விடுங்கள். அவர் இல்லாத காலத்தில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், வீட்டு முடிவுகளை வேறொருவர் எடுத்துப் பழகியிருப்பார். உரசல் வரும். யார் பக்கமும் பேசாதீர்கள். வேலை தேட அலையும்போது கூடப் போங்கள். வியாழக்கிழமை பிள்ளையைக் கூட்டி வருவதை மட்டும், அவர்களாக வேண்டாம் என்று சொல்லும் வரை நிறுத்தாதீர்கள்.