ஓட்டம், சைக்கிள் இரண்டுக்கும் மலிவான ஜிபிஎஸ் வாட்ச்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடவும் வேண்டும், சைக்கிளிலும் கட்டிக்கொள்ள வேண்டும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது. இப்படி ஒரு ஜிபிஎஸ் வாட்ச் தேடுபவர்கள் பெரும்பாலும் வசதிப் பட்டியலைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டு முறைகள், தூக்கத்துக்கு மதிப்பெண், மன அழுத்த அளவு, வாட்ச்சிலேயே போன் பேசும் வசதி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். பயிற்சிக்கென்று வாங்கும் வாட்ச்சிடம் நான் முதலில் பார்ப்பது இரண்டு விஷயம். போன பாதையை அது ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும். வெளி சென்சார்களோடு தடையில்லாமல் இணைய வேண்டும். இவை சரியாக இருந்தால் விலை குறைந்த வாட்ச்கூட வருடக்கணக்கில் உழைக்கும். இவற்றில் கோளாறு என்றால் மற்ற நூறு வசதிகள் சேர்ந்தாலும் ஈடாகாது.

ஜிபிஎஸ் என்று போட்டிருந்தால் போதும் என நினைப்பது

மிக மலிவான வாட்ச்கள் பலவற்றில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கிக்கொள்ளும். விவரக் குறிப்பில் 'கனெக்டட் ஜிபிஎஸ்' என்று சின்ன எழுத்தில் இருந்தால் அர்த்தம் அதுதான்: போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் வரைபடமும் கிடையாது, சரியான தூரமும் கிடையாது. கை அசைவை எண்ணித் தோராயமாக ஒரு தூரம் சொல்லும். சைக்கிளில் கை அசைவதே இல்லை என்பதால் அந்தத் தோராயமும் போய்விடும். ஆகவே 'பில்ட்-இன் ஜிபிஎஸ்' என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அமெரிக்காவின் ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என ஐந்தாறு செயற்கைக்கோள் அமைப்புகளின் பெயரைப் பார்த்ததும் துல்லியம் ஐந்தாறு மடங்கு கூடிவிடும் என்று நம்புவது. நிறைய செயற்கைக்கோள்கள் தெரிவது நல்லதுதான். ஆனால் கோடு தாறுமாறாக வளைவதற்கு முக்கியக் காரணம் வேறு. உயரமான கட்டடங்களிலும் பாறைச் சுவர்களிலும் சிக்னல் பட்டுத் திரும்பி, சுற்றுவழியாகத் தாமதமாக வாட்ச்சை அடைகிறது. நேராக வந்த சிக்னலா, சுற்றி வந்ததா என்று பிரித்தறிவது கடினம். இதற்கு உதவுவது இரட்டை அலைவரிசை: வழக்கமான 1575.42 மெகாஹெர்ட்ஸ் எல்1 அலைவரிசையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸ் எல்5 அலைவரிசையையும் சேர்த்துக் கேட்பது. கட்டடங்களுக்கு நடுவிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் ஓடுகிறவருக்கு இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம். திறந்த சாலையில் சைக்கிள் மிதிப்பவருக்கு ஒற்றை அலைவரிசையே தாராளம்.

வாட்ச் சிக்னல் பிடிக்க நேரம் எடுக்கிறது என்று குறை சொல்பவர்கள் பலர் அதைப் பல நாட்களாகப் போனோடு இணைக்காமலே வைத்திருப்பார்கள். ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில்தான் அனுப்புகிறது. அதை வானத்திலிருந்தே முழுதாக வாங்க சுமார் அரை நிமிடம் ஆகும். அடுத்த சில நாட்களுக்கான விவரத்தைப் போன் வழியாக முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். வாட்ச் 'ரெடி' என்று காட்டும் முன்பே ஓட ஆரம்பித்துவிட்டு, முதல் கிலோமீட்டர் குறைகிறதே என்று வாட்ச்சைப் பழிப்பதும் சரியல்ல.

தூரத்தைத் தவறான அளவுகோலால் சோதிப்பது

மாரத்தான் முடித்ததும் வாட்ச்சில் 42.195 கிலோமீட்டருக்குப் பதில் 42.6 என்று இருந்தால் வாட்ச் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதிகாரபூர்வமாக அளக்கப்படும் பாதையை வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூடவே 0.1 சதவீதம், அதாவது சுமார் 42 மீட்டர் சேர்க்கிறார்கள். கூட்டத்தில் ஒதுங்கி ஒதுங்கி ஓடுகிற எவரும் அந்தக் குறுகிய கோட்டில் ஓட முடியாது. ஆக, வாட்ச் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது பெரும்பாலும் உண்மைதான்.

400 மீட்டர் டிராக்கிலும் இப்படித்தான். இறுக்கமான வளைவுகளைச் சுற்றிச் சுற்றி வரும்போது சாதாரண ஓட்ட முறையில் எந்த மலிவு வாட்ச்சும் தடுமாறும். டிராக்கில் பயிற்சி செய்பவராக இருந்தால், எந்த லேனில் ஓடுகிறீர்கள் என்று கேட்டுக் கணக்குப் போடும் 'டிராக் ரன்' முறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், அந்த நொடியின் வேகத்தைப் பார்த்து ஓடும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. ஒரே சீராக ஓடினாலும் அந்த எண் கிலோமீட்டருக்கு 5:20, 5:45, 5:10 நிமிடம் என்று குதித்துக்கொண்டே இருக்கும். நடப்பு கிலோமீட்டரின் சராசரியைக் காட்டும் 'லேப் பேஸ்' கட்டத்தைத் திரையில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி.

மணிக்கட்டு இதயத் துடிப்பை அப்படியே நம்புவது

பணம் வீணாவது இந்த இடத்தில்தான் அதிகம் என்பது என் கருத்து. வாட்ச்சின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதைத் திரும்பி வரும் ஒளியில் தேடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இது அழகாக வேலை செய்யும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கை குலுங்குகிறது, வாட்ச் தோலிலிருந்து மயிரிழை விலகி மறுபடி ஒட்டுகிறது. அந்தக் குலுக்கலும் சென்சாருக்கு ஒரு துடிப்பு மாதிரியே தெரியும்.

வரைபடத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓடும் மெதுவான ஓட்டம். கிளம்பிய இரண்டாவது நிமிடத்திலேயே இதயத் துடிப்பு 172-க்குத் தாவி, அங்கேயே கோடு போட்டது போல நிற்கும். நிமிடத்துக்கு எத்தனை அடிகள் என்று காட்டும் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதுவும் 172. நீங்கள் பார்த்தது இதயத்தை அல்ல, கால்களை. ஓடுபவர்களின் அடி எண்ணிக்கை பெரும்பாலும் 160-க்கும் 180-க்கும் இடையில் இருப்பதால், அது கடினமான ஓட்டத்தின் துடிப்பு போலவே தோற்றம் காட்டிவிடுகிறது. அந்த எண்ணை நம்பி வாட்ச் கணக்கிடும் உடற்தகுதி மதிப்பெண், ஓய்வு நேரம், பயிற்சிச் சுமை எல்லாமே அப்புறம் தப்பாகத்தான் வரும்.

சைக்கிளில் பிரச்சினை வேறு மாதிரி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடிகிறது, தசைநார்கள் விறைக்கின்றன, சாலை அதிர்வும் சேர்கிறது. குளிரில் தோலுக்கு ரத்தம் குறையும்போது இன்னும் மோசம். வாட்ச்சை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் மேலே தள்ளி, கொஞ்சம் இறுக்கமாகக் கட்டினால் ஓரளவு சரியாகும். உண்மையான தீர்வு மார்புப் பட்டைதான். அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின் சிக்னலையே படிக்கிறது. விலை உயர்ந்த வாட்ச்சும் மணிக்கட்டு சென்சாருமா, சாதாரண வாட்ச்சும் மார்புப் பட்டையுமா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் தயங்காமல் சொல்வேன். பட்ஜெட் போடும்போதே பட்டைக்கும் சேர்த்துப் போடுங்கள்.

சைக்கிள் சென்சார்களை மறந்துவிடுவது

விளையாட்டு முறைகளில் 'சைக்கிளிங்' இருந்துவிட்டால் சைக்கிளுக்கு ஏற்ற வாட்ச் என்று ஆகிவிடாது. வேக சென்சார், மிதி வேகத்தை எண்ணும் கேடன்ஸ் சென்சார், மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் பவர் மீட்டர் மூன்றும் தனித்தனி. எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது மாடலுக்கு மாடல் மாறும். உதாரணத்துக்கு, கார்மின் ஃபோர்ரன்னர் 165 நல்ல ஓட்ட வாட்ச். வேக, கேடன்ஸ் சென்சார்களோடு இணையும், ஆனால் சைக்கிள் பவர் மீட்டரோடு இணையாது. கோரோஸ் பேஸ் 3 பவர் மீட்டரோடு இணையும், ஆனால் ப்ளூடூத் வழியாக மட்டுமே. முந்தைய பேஸ் 2-இல் இருந்த ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்பு வசதி பேஸ் 3-இல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆன்ட் பிளஸ் மட்டும் பேசும் பழைய சென்சார் வைத்திருப்பவருக்குப் புது மாடல் பயன்படாது. கையில் இருக்கும் சென்சார், இரண்டு வருடத்தில் வாங்க நினைக்கும் சென்சார் இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்த மாடலின் கையேட்டில் பெயர் பெயராகத் தேடுங்கள். பவர் மீட்டர் வாங்கும் எண்ணமே இல்லையென்றால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஓடும் சைக்கிளில் மணிக்கட்டைத் திருப்பி எண்களைப் படிப்பது ஆபத்து. வாட்ச்சை ஹேண்டில்பாரில் கட்ட மலிவான மவுண்ட் கிடைக்கிறது. அப்படிக் கட்டினால் மணிக்கட்டுத் துடிப்பு கிடைக்காது, அதற்கும் மார்புப் பட்டைதான் வழி. ஏற்கெனவே சைக்கிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், துடிப்பை அதற்கு ஒளிபரப்பும் வசதி வாட்ச்சில் உண்டா என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஏற்றங்களில் அதிகம் மிதிப்பவர் என்றால் பாரோமீட்டர் அவசியம். ஜிபிஎஸ்ஸுக்குப் பக்கவாட்டுத் துல்லியத்தை விட உயரத்தின் துல்லியம் குறைவு. காற்றழுத்தத்தை வைத்து அளப்பது ஏற்ற இறக்கத்தை நன்றாகப் பிடிக்கும்: கடல் மட்டத்துக்கு அருகே சுமார் 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஃபோர்ரன்னர் 55 போன்ற தொடக்க நிலை மாடல்களில் இது இருக்காது. இருக்கும் வாட்ச்சிலும் அதற்குக் காற்று நுழையும் சின்னத் துளையை வியர்வை உப்பு அடைத்துவிடும், நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

பேட்டரியை நாள் கணக்கில் பார்ப்பது

'14 நாள் பேட்டரி' என்பது ஜிபிஎஸ் ஓடாதபோது. உங்களுக்குத் தேவை ஜிபிஎஸ் ஓடும் மணிநேரக் கணக்கு. அதிலும் விளம்பரத்தில் வருவது மிகச் சிக்கனமான முறையின் எண்ணாக இருக்கலாம். இரட்டை அலைவரிசை, எப்போதும் எரியும் அமோலெட் திரை, பாட்டு எல்லாம் சேர்ந்தால் அது பாதியாகக்கூடக் குறையும். சில சிக்கன முறைகள் நொடிக்கு ஒரு முறைக்குப் பதில் நிமிடத்துக்கு ஒரு முறைதான் இடத்தைக் குறிக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஒரு நிமிடத்தில் அரை கிலோமீட்டர் போய்விடுகிறீர்கள். நடுவில் இருக்கும் வளைவையெல்லாம் வாட்ச் நேர்கோடாக வெட்டிவிடும், தூரம் குறையும். உங்கள் மிக நீண்ட சவாரிக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு, நொடிக்கு நொடி பதியும் முறையில் தாங்குகிறதா என்று பாருங்கள். பேட்டரி வருடா வருடம் தளரும் என்பதால்தான் இந்த இரண்டு மடங்கு.

திரையைப் பற்றி ஒன்று: தொடுதிரையை மட்டும் நம்பும் வாட்ச் வேண்டாம். வியர்வை விரல், மழை, கையுறை மூன்றுமே அதற்கு எதிரி. லேப் அழுத்தவும் நிறுத்தவும் நிஜப் பொத்தான் இருக்கட்டும்.

செயலியைப் பார்க்காமலே வாங்குவது

வாட்ச் கைக்கு வரும் முன்பே அதன் செயலியைப் போனில் இறக்கிப் பார்க்கலாம், பணம் ஆகாது. பதிவுகளை மற்ற செயலிகளும் படிக்கக்கூடிய ஃபிட் அல்லது ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா, பயிற்சிகளைப் பகிரும் ஸ்ட்ராவா போன்ற தளத்துக்குத் தானாகப் போகுமா, எந்த வசதிக்கு மாதச் சந்தா கேட்கிறார்கள் என்று பாருங்கள். கோப்பை வெளியே விடாத வாட்ச்சை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாட்ச்சை மாற்றும் நாளில் பல வருடப் பதிவுகளை அங்கேயே விட்டுவிட்டு வர நேரிடும்.

புதுசு வந்ததும் விலை இறங்கும் முந்தைய தலைமுறை மாடல், பெயர் தெரியாத நிறுவனத்தின் புத்தம் புது வாட்ச்சை விடப் பெரும்பாலும் நல்ல பேரம். பழையதை இன்னொருவரிடம் வாங்கினால் ஒரு மணி நேரம் ஜிபிஎஸ் ஓடவிட்டுப் பேட்டரி எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பாருங்கள்; சார்ஜ் ஏறும் முனைகள் பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். புதியதை வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பழகிய பாதை ஒன்றில் ஒரு முறை ஓடி, ஒரு முறை சைக்கிளில் போய், இருக்கும் சென்சார்களை எல்லாம் இணைத்து, கோப்பை வெளியே எடுத்து, வரைபடத்தில் கோடு சாலை மேல்தான் விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.