பரமபத சுடோகு அமைப்பது எப்படி?

வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க ஆடும் பரமபதத்தை 9×9 சுடோகுவுக்குள் கொண்டுவர, கட்டங்களின்மேல் ஏணியையும் பாம்பையும் கோடுகளாக வரைந்து இரண்டே கூடுதல் விதிகள் சேர்த்தால் போதும். ஏணியில் அடியிலிருந்து உச்சிவரை எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும். பாம்பின் உடலில் அடுத்தடுத்த கட்டங்களுக்குள் குறைந்தது 5 வித்தியாசம் இருக்க வேண்டும்.

சுவை முழுக்கப் பாம்பில்தான். அதன்மேல் 5 வரவே முடியாது. 1–4இல் ஒன்று, 6–9இல் ஒன்று என மாறி மாறித்தான் வரும். 4க்குப் பக்கத்தில் 9 மட்டுமே, 6க்குப் பக்கத்தில் 1 மட்டுமே. அதனால் ஒரே 3×3 பெட்டிக்குள் 8 கட்டப் பாம்பு வரைந்தால் 4, 6 இரண்டும் தலையிலும் வாலிலும்தான் உட்காரும்.

பாம்புகளை மட்டும் வைத்து எண்ணே கொடுக்காமல் விட்டால் புதிர் கெட்டது. விடையின் ஒவ்வொரு எண்ணையும் 10இலிருந்து கழித்தால் இன்னொரு சரியான விடை வந்துவிடும். ஏணி ஒன்று இருந்தால் அந்த ஓட்டை அடைபடும். ஏணிக்கு 4 முதல் 6 கட்டம் அளவு; 9 கட்டம் வைத்தால் 1 முதல் 9 வரை அப்படியே தெரிந்துவிடும்.

முதலில் முழு விடையை நிரப்புங்கள், அதன்மேல் கோடுகளை வரையுங்கள். பிறகு எண்களை ஒவ்வொன்றாக அழித்து, விடை ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும், இந்தக் கூடுதல் விதிகளையும் ஏற்கும் சுடோகு மென்பொருளில் சரிபாருங்கள். சாதாரண சுடோகுவுக்கு 17 எண்களாவது வேண்டும். இதற்குக் கோடுகளே துணை என்பதால் அதற்கும் கீழே இறங்கலாம்.

திருவல்லிக்கேணி ஜெராக்ஸ் கடையில் கறுப்பு-வெள்ளையில் எடுப்பதானால் நிறத்தை நம்ப வேண்டாம், பச்சையும் ஆரஞ்சும் ஒரே சாம்பலாகிவிடலாம். ஏணிக்கு இரட்டைக் கோடு, பாம்புக்கு வளைகோடு போடுங்கள்.