டோக்கியூ 8500 மின்ரயிலுக்கு அட்டையில் ஒரு மாதிரி செய்யும் முறை

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் ரயில் ஒன்றை வரையச் சொன்னால், முதலில் எஞ்சினை வரைந்துவிட்டு அதன் பின்னால் பெட்டிகளைக் கோத்துக்கொண்டு போவார்கள். யாழ்தேவியைப் பார்த்து வளரும் கண்ணுக்கு அதுவே இயல்பு. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் அட்டை வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு யப்பானின் டோக்கியூ 8500 தொடர் ரயிலின் படத்தை நான் காட்டியபோது, அவர்கள் கேட்ட முதற் கேள்வி, "சேர், இதுக்கு எஞ்சின் எங்கை?" என்பதுதான். மாதிரியைச் செய்யத் தொடங்குமுன் அந்தக் கேள்விக்கு விடை காண வேண்டும். விடை தெரியாமல் வெட்டத் தொடங்குபவர் எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும் கடைசியில் மிஞ்சுவது வெள்ளித்தாள் சுற்றிய ஒரு பெட்டியே.

டோக்கியூ என்பது டோக்கியோவின் தென்மேற்குப் புறநகர்களையும் அதற்கு அப்பால் உள்ள கனகாவா மாகாணத்தையும் நகரத்தோடு இணைக்கும் ஒரு தனியார் ரயில் நிறுவனம். அதன் 8500 தொடர் 1975 இல் சேவைக்கு வந்தது. 1969 இல் வந்த 8000 தொடரை அடிப்படையாகக் கொண்டு, ஹான்சோமொன் சுரங்க ரயில் பாதைக்குள்ளும் நேரே ஓடிச் செல்லக்கூடியவாறு அது வடிவமைக்கப்பட்டது. 1991 வரை 400 பெட்டிகள் கட்டப்பட்டன; டென்-என்-தோஷி பாதையில் பத்துப் பெட்டிகள் ஒரு தொடராக ஓடின. அந்தப் பத்தில் எட்டுப் பெட்டிகள் மோட்டார் பெட்டிகள். ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்கும் அடியில் 130 கிலோவாற்று வலுவுள்ள நான்கு மோட்டார்கள் உண்டு. ஆகவே பிள்ளைகளின் கேள்விக்கு விடை இதுதான்: எஞ்சின் ஓரிடத்தில் இல்லை, முப்பத்திரண்டு துண்டுகளாகப் பிரிந்து பயணிகளின் காலடியில் தொங்குகிறது. இதனால்தான் எங்கள் மாதிரியில் அடிப்பாகத்துக்கு மேற்பாகத்தைவிடக் கூடிய கவனம் கொடுக்கிறோம். புகையே இல்லாத இந்த வண்டியைப் புகையிரதம் என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை என்பதால், கட்டுரை முழுவதும் ரயில் என்றே எழுதுகிறேன்.

புதிதாகப் பழகுபவருக்கு இந்த ரயிலைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பக்கங்கள் தட்டையானவை, முகமும் தட்டையானது, கூரையில் மட்டுமே வளைவு உண்டு. உடல் முழுவதும் கறையில் உருக்கினால், அதாவது எங்கள் வீட்டுச் சில்வர் பாத்திரங்களின் உலோகத்தால் ஆனது, வர்ணம் பூசப்படாதது. டோக்கியூ 1962 இல் தன் 7000 தொடரை அமெரிக்காவின் பட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு யப்பானின் முதலாவது முழுக் கறையில் உருக்கு ரயிலாகக் கட்டியது. 8500 அந்த வழியில் வந்தது. துருவுக்குப் பயந்து ஆண்டுதோறும் வர்ணம் பூசவேண்டிய தேவை இல்லாத உலோகம் எவ்வளவு பெறுமதியானது என்பதை, காங்கேசன்துறைக் கடற்காற்றில் யன்னற் கம்பிகள் உரிவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்களுக்கும் வர்ணச் செலவு மிச்சம்.

வேண்டிய பொருட்கள் எல்லாம் ஒரு புத்தகக் கடையிலும் ஒரு பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். வெள்ளைப் பிறிஸ்டல் போட் இரண்டு, சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாள், பைண்டர் கம், வெள்ளைத் தையல் நூல், சாமான் பெட்டி ஒன்றின் தடித்த மட்டை, வெறும் நெருப்புப் பெட்டிகள் மூன்று, புதுச் சேட்டுப் பெட்டியின் மூடியில் இருக்கும் ஒளிபுகு பிளாஸ்ரிக், தென்னை ஈர்க்குகள் சில, சிவப்புத் தாள், சாம்பல் நிற வர்ணம் ஆகியவை போதும். அடிமட்டம், மூலைமட்டம், கவராயம், கூரான பிளேட், எழுதி முடிந்த குமிழ்முனைப் பேனை ஆகியவற்றைக் கருவிகளாக வைத்துக்கொள்ளுங்கள். பிளேட்டால் வெட்டும் வேலையைச் சிறு பிள்ளைகளிடம் விடாமல் பெரியவர் ஒருவர் செய்ய வேண்டும். மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். கார்த்திகை மழையின் ஈரத்தில் ஒட்டிய பக்கச் சுவர்கள் எனக்கு இருமுறை வாழை மடல்போல வளைந்துபோயின.

அளவுத்திட்டம் ஐம்பதில் ஒன்று. உண்மைப் பெட்டி இணைப்பிலிருந்து இணைப்புவரை 20 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 2.8 மீற்றர் அகலமும் கொண்டது. எனவே மாதிரி 400 மில்லிமீற்றர் நீளமும் 56 மில்லிமீற்றர் அகலமும் பெறும். இணைப்புக்கு இரு முனைகளிலும் 5 மில்லிமீற்றர் விட்டால் உடலின் நீளம் 390 மில்லிமீற்றர் ஆகும். இனிமேல் நான் தரும் சிறிய அளவுகள் கத்தரிக்கோலுக்கும் அடிமட்டத்துக்கும் ஏற்ப முழு எண்ணாக்கப்பட்டவை.

முதலில் ஒரு நடுப்பெட்டியைச் செய்யுங்கள். பிள்ளைகள் சிவப்புப் பட்டை போட்ட முகத்தைத்தான் முதலில் செய்ய ஆசைப்படுவார்கள். ஆனால் நடுப்பெட்டியின் இரண்டு பக்கங்களுக்கும் ஒரே வரைபடம் போதும் என்பதாலும், முதற் பெட்டியில் விடும் பிழைகள் முகத்தில் விழக்கூடாது என்பதாலும், பொறுத்திருப்பதே நல்லது.

பிறிஸ்டல் போட்டில் 390 க்கு 48 மில்லிமீற்றர் அளவில் இரண்டு நீள்சதுரங்களை வரைந்து, எல்லாவற்றுக்கும் முன்பாகக் கதவுகளைக் குறியுங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கு கதவுகள். ஒவ்வொன்றும் உண்மையில் 1.3 மீற்றர் அகலமுள்ள இரட்டைக் கதவு, ஆகவே மாதிரியில் 26 மில்லிமீற்றர். முனையிலிருந்து 51 மில்லிமீற்றரில் முதற் கதவின் நடுக்கோட்டையும், அதிலிருந்து 96 மில்லிமீற்றருக்கு ஒன்றாக மற்ற மூன்றின் நடுக்கோடுகளையும் போட்டால், மறுமுனையிலும் சரியாக 51 மிஞ்சும். மிஞ்சாவிட்டால் எங்கோ பிழைத்திருக்கிறது, அழித்துவிட்டுத் திரும்ப அளவுங்கள். இவ்வளவு கதவுகள் எதற்கு என்று பிள்ளைகளிடம் கேட்பது என் வழக்கம். எங்கள் ரயிலில் ஆட்கள் பெட்டியின் முனையில் ஏறி, பயணப் பைகளோடு உள்ளே நடந்து, மணிக்கணக்காக இருந்து போகிறார்கள். அங்கோ காலையில் வேலைக்குப் போகும் கூட்டம் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிமிடத்துக்குள் இறங்கி ஏற வேண்டும். அதனால் பெட்டி முழுவதும் கதவுகளைப் பகிர்ந்து வைத்து, இருக்கைகளைச் சுவரோரமாக நீளவாக்கில் போட்டு, நடுவே நிற்பவர்களுக்கு இடமும் கைப்பிடி வளையங்களும் கொடுத்திருக்கிறார்கள். கதவின் கணக்கு விளங்கினால் ரயிலின் மற்ற வடிவம் முழுவதும் விளங்கிவிடும்.

இரண்டு கதவுகளுக்கு இடையே 70 மில்லிமீற்றர் சுவர் கிடைக்கும். அதில் 26 மில்லிமீற்றர் அகலமும் 18 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட இரண்டு யன்னல்களை, கீழ் விளிம்பிலிருந்து 21 மில்லிமீற்றர் உயரத்தில், நடுவே 6 மில்லிமீற்றர் தூண் விட்டு வரையுங்கள். முனைப்பகுதிகளில் ஒவ்வொரு யன்னல் போதும். யன்னல்களையும், கதவுகளின் மேற்பாதியில் உள்ள சிறு கண்ணாடிகளையும் இப்போதே வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த ரயிலின் பக்கச் சுவரில் நீளவாக்கில் மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். மெல்லிய தகட்டை மடித்து வரியாக்கினால், தடிப்பைக் கூட்டாமலே அது வளையாமல் நிற்கும். யன்னலுக்குக் கீழே உள்ள சுவரில் மட்டும் மெல்லிதாகக் கம் பூசி, தையல் நூலை ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளியில், கதவின் ஓரத்தில் தொடங்கி அடுத்த கதவின் ஓரத்தில் முடியுமாறு, இழுத்துப் பிடித்து வரிவரியாக ஒட்டுங்கள். யன்னலுக்கு மேலே இரண்டு மூன்று இழைகள் போதும். கதவுகள் வரியில்லாத தட்டைத் தகடுகள் என்பதால் நூல் அவற்றைக் கடக்கக்கூடாது. நூல் நன்றாகக் காய்ந்த பின் சுவர் முழுவதும் கம் பூசி, அலுமினியத் தாளின் மங்கலான பக்கம் வெளியே தெரியுமாறு போர்த்தி, நடுவிலிருந்து முனைகளை நோக்கி விரல் நுனியால் அழுத்தித் தடவினால், நூல்கள் தாளின் கீழிருந்து வரிகளாக எழும்பிவரும். பளபளக்கும் பக்கத்தை வெளியே வைத்தால் பார்வைக்குச் சொக்கலேற் உறைபோல இருக்கும். உண்மையான உருக்கு அப்படி மின்னுவதில்லை. யன்னல்களின் மேல் தாளைப் பெருக்கற் குறிபோலக் கீறி, நான்கு முனைகளையும் உட்பக்கம் மடித்து ஒட்டிவிட்டு, பின்னாலிருந்து பிளாஸ்ரிக்கைப் பொருத்துங்கள். கதவின் நடுக்கோட்டையும் ஓரங்களையும் வெறும் குமிழ்முனைப் பேனையால் அழுத்திக் கீறினால் போதும்.

மட்டையில் 390 க்கு 54 மில்லிமீற்றர் தளம் ஒன்றை வெட்டி, இரு முனைகளிலும் ஒவ்வொரு சுவரும், இடையில் யன்னல் தூண்களுக்கு நேரே மூன்று வளைச் சட்டங்களும் நிறுத்தி, அவற்றில் பக்கங்களை ஒட்டுங்கள். மூலைமட்டத்தை வைத்து ஒவ்வொரு சட்டமும் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம். கூரைக்கு 390 க்கு 69 மில்லிமீற்றர் பிறிஸ்டல் போட் வேண்டும். இரு ஓரங்களிலும் ஒட்டுவதற்கு ஐந்து ஐந்து மில்லிமீற்றரை மடித்து, மிச்சத்தை விளக்குமாற்றுத் தடியில் உருட்டி வளைத்தால் நடுவில் 8 மில்லிமீற்றர் உயரும். கூரையின் மேல் வரும் குளிரூட்டிப் பெட்டிகளைப் படத்தைப் பார்த்து எண்ணி வையுங்கள்.

இப்போது பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பிள்ளைகள் தேடிய எஞ்சினுக்கு வருவோம். ஒவ்வொரு முனையிலிருந்தும் 57 மில்லிமீற்றரில் ஒரு சக்கரத் தொகுதியின், அதாவது இரண்டு அச்சுகளும் நான்கு சக்கரங்களும் சேர்ந்த பகுதியின், நடுப்புள்ளியைக் குறியுங்கள். சக்கரத்தின் விட்டம் உண்மையில் 860 மில்லிமீற்றர். கவராயத்தால் 17 மில்லிமீற்றர் விட்டமுள்ள மட்டை வட்டங்களை வெட்டி, இரண்டிரண்டாக ஒட்டித் தடிப்பாக்கி, ஈர்க்கு அச்சில் கோர்க்க வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 44 மில்லிமீற்றர் விடுங்கள். தண்டவாள இடைவெளியில்தான் எங்கள் கண் ஏமாறும்: இலங்கையின் பாதை 1676 மில்லிமீற்றர் அகலமுள்ளது, டோக்கியூவினது 1067 மட்டுமே. ஆகவே இந்த மாதிரியில் சக்கரங்கள் 21 மில்லிமீற்றர் இடைவெளியில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணம் நிலையத்தில் பார்த்த நினைவில் வைத்தால் 33 வரை அகன்றுவிடும். இரு அச்சுகளையும் அடுத்து ஒவ்வொரு சிறு மட்டை உருளையை ஒட்டுங்கள். அவைதான் மோட்டார்கள்.

இரு சக்கரத் தொகுதிகளுக்கும் இடையே உள்ள நீண்ட இடத்தில், நெருப்புப் பெட்டிகளை 11 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டிச் சாம்பல் நிறம் பூசித் தொங்கவிட வேண்டும். இவை மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் பெட்டிகள். 8000 தொடரில் முதன்முதலாகப் பயன்பட்டு 8500 க்கும் வந்த முறை ஒன்று இவற்றுள் இருக்கிறது: மோட்டாரின் காந்தப்புலச் சுருளுக்குப் போகும் மின்னை மட்டும் மிக வேகமாக வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தை ஆள்வதோடு, தடுக்கும்போது மோட்டாரையே மின்பிறப்பாக்கியாக மாற்றி, பிறக்கும் மின்னை மேலே ஓடும் கம்பிக்குத் திருப்பி அனுப்புவது. சைக்கிள் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்தவுடன் மிதிக்கப் பாரமாவதை உணர்ந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளை நிமிர்த்தி வைத்துச் சக்கரத்தைச் சுற்றி டைனமோவால் வானொலி கேட்ட அப்பாமார், அம்மாமார் வீட்டில் இருந்தால், அவர்களையே பிள்ளைகளுக்கு விளக்கச் சொல்லுங்கள். அந்தப் பாரந்தான் ரயிலை நிறுத்துகிறது. அந்த மின் அடுத்த ரயிலுக்கு உதவுகிறது.

கம்பியில் வருவது 1500 வோல்ற் நேரோட்டம். அதை எடுக்கும் சாய்சதுர வடிவச் சட்டம் எல்லாப் பெட்டிகளிலும் இல்லை. நீங்கள் தெரிவு செய்த பெட்டியில் இருந்தால், தென்னை ஈர்க்கை நெடுக்காகப் பிளந்து சீவி, கைகளை நூலால் மூட்டுக் கட்டிக் கூரையில் பொருத்துங்கள். பனை ஈர்க்கு இவ்வளவு மெல்லிதாகப் பிளக்க வராது.

இரண்டாவது பெட்டிக்கு முகம் வையுங்கள். 56 மில்லிமீற்றர் அகலத் தட்டை அட்டையில் மூன்று கண்ணாடிகள், அவற்றின் கீழே சிவப்புத் தாளில் ஒரு பட்டை. பக்கங்களில் பட்டை இல்லை. நடுவில் ஒரு கதவு வரும். ஒடுங்கிய சுரங்கத்தில் ஆபத்து நேர்ந்தால் பக்கவாட்டில் இறங்க இடமிராது என்பதால், பயணிகளை முன்னால் இறக்குவதற்கான வழி அது. ஓட்டுநர் இடப்பக்கம் இருப்பார். அவர் முன்னே ஒரேயொரு கைபிடி இருக்கும், தன்னை நோக்கி இழுத்தால் வேகம் கூடும், முன்னே தள்ளினால் தடுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு என்றாலும் ஓர் ஈர்க்குத் துண்டை அங்கே நட்டுவிடுவோம்.

படம் தெரிவு செய்வதில் கவனம் தேவை. டோக்கியூவில் இத்தொடர் 2023 சனவரியில் ஓய்வுபெற்றது. அதற்கு முன்பே பல பெட்டிகள் யப்பானின் நாகானோவுக்கும், 2006 முதல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுக்கும் போய்விட்டன. ஜகார்த்தாப் படங்களில் வேறு நிறப் பட்டைகள் இருக்கும். டோக்கியோவில் ஓடிய காலத்துப் படம் ஒன்றையே முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளை இணைக்கும்போது இடையே 10 மில்லிமீற்றர் விட்டு, அடித்தளத்தில் ஈர்க்குக் கொக்கியும் நூல் வளையமும் பொருத்துங்கள். முழுத் தொடரும் நான்கு மீற்றர் நீளும். எங்கள் சனசமூக நிலையத்து வாசிப்பு மேசையில் இப்போது ஆறு பெட்டிகள் நிற்கின்றன. ஏழாவதற்கு மேசை போதாமல், பிள்ளைகள் வாங்கு ஒன்றை இழுத்து வந்து போட்டிருக்கிறார்கள்.