பொறியியல் பர்சரி: டர்பன் பிள்ளைகளும் பெற்றோரும் எங்கே தொடங்குவது

மெட்ரிக் (12ஆம் வகுப்பு) முடிவு கையில் வந்த பிறகு பர்சரி, அதாவது படிப்புக்கான உதவித்தொகை, தேடினால் பெரும்பாலும் கதவு சாத்தியிருக்கும். கம்பெனிகள் 11ஆம் வகுப்பு ஆண்டிறுதி மதிப்பெண்ணையும் 12ஆம் வகுப்பு ஜூன் மதிப்பெண்ணையும் பார்த்தே தேர்வை நடத்துகின்றன. அதற்கும் முந்தைய ஆபத்து 10ஆம் வகுப்பில் இருக்கிறது. மேத்தமடிக்ஸுக்குப் பதிலாக மேத்தமடிக்கல் லிட்டரசி (அன்றாடக் கணக்குப் பாடம்) எடுத்தவருக்குப் பொறியியல் பட்டப்படிப்பு கிடையாது. ‘சுலபமாக மார்க் வரும்’ என்று யார் சொன்னாலும் மேத்தமடிக்ஸையும் பிசிக்கல் சயின்சஸையும் விடாதீர்கள்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் (NSFAS). மாற்றுத்திறனாளி மாணவருக்கு வரம்பு 6,00,000. விண்ணப்பம் இலவசம், பணம் கேட்கும் ‘ஏஜென்ட்’ மோசடிக்காரர். தனியார் கல்லூரிக்கு இந்த உதவி செல்லாது. 3,50,000 ராண்டுக்குச் சற்றே மேலே போய் நடுவில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் உண்டு. அவர்கள் இப்படி நடுவில் நிற்கும் குடும்பங்களுக்கான இகுசாசா உதவித் திட்டத்தையும் கம்பெனி பர்சரிகளையும் பார்க்க வேண்டும்.

‘பிளாக்’ (கறுப்பினத்தவர்) என்று பர்சரி விளம்பரத்தில் கண்டதும் நமக்கில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். 1998ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி (வேலைவாய்ப்புச் சமத்துவ) சட்டத்தில் அந்தச் சொல் ஆப்பிரிக்கர், கலர்ட் (கலப்பினத்தவர்), இந்தியர் மூவரையும் குறிக்கும். ‘ஆஃப்ரிக்கன்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு. அண்மையில் இங்கு வந்து குடியுரிமை பெற்றவர்கள் பொதுவாக இந்தச் சட்ட வரையறைக்குள் வரமாட்டார்கள்.

விண்ணப்பங்கள் கழிவது பெரும்பாலும் காகிதத்தில்தான். மாணவர், பெற்றோர் ஐடி நகல்கள், மதிப்பெண் பட்டியல், சம்பளச் சீட்டு இவற்றை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். சான்றளித்த நகல் 3 மாதத்துக்கு மேல் பழசானால் பல இடங்களில் ஏற்பதில்லை. காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை குத்தித் தருவார்கள். வேலையில்லாத பெற்றோருக்கு அஃபிடவிட்டையும் (உறுதிமொழிப் பத்திரம்) அங்கேயே முடித்துவிடலாம். டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டல் மாகாணத்தில் சிஏஓ (மைய விண்ணப்ப அலுவலகம்) படிவம் பல்கலைக்கழக இடத்துக்கு மட்டுமே. அதை நிரப்பிவிட்டால் பர்சரிக்கும் போட்டாயிற்று என்று நினைத்துப் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

கம்பெனி பர்சரி கிடைத்தால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். பணம் தந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அங்கே வேலை செய்யச் சொல்வது வழக்கம். பாடத்தில் தோற்றாலோ படிப்பை மாற்றினாலோ வட்டியோடு திருப்பித் தர வேண்டியிருக்கும். கம்பெனியிடம் வேலை காலியில்லாவிட்டால் அந்தக் கடமை நீங்குமா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.